குளிசைக்கு அடங்காத பிரஷர்: சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பியையும் பாருங்கள்

திருகோணமலையில் பிரஷர் குளிசை இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மாவட்டப் பொது வைத்தியசாலையானாலும் சரி, கிண்ணியா, மூதூர் ஆஸ்பத்திரிகளானாலும் சரி, கிளினிக் நாளில் விடியவே வந்து வாங்கில் இருப்பவர்களின் கொப்பிகளில் பிரஷரும் சீனி வருத்தமும்தான் அதிகம். இலங்கையில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உயர் குருதியமுக்கம் இருக்கிறது. அவர்களில் அநேகம் பேருக்கு "இதனால்தான் வந்தது" என்று ஒற்றைக் காரணத்தைக் காட்ட முடியாது. பரம்பரை, வயது, உப்பு, எடை, உடலுழைப்புக் குறைவு எல்லாம் கலந்து வருவது அது. ஆயுள் முழுக்கக் குளிசை என்று சொல்லி அனுப்புவதும் அதனால்தான்.

ஆனால் அதே வாங்கில் இருக்கும் சிலருக்குக் காரணம் உண்டு. தேடினால் அகப்படும் காரணம். ஒவ்வொரு சிறுநீரகத்தின் உச்சியிலும் ஒன்றாக, சுமார் 5 கிராம் நிறையில் இருக்கும் அதிரினல் சுரப்பி, அல்டொஸ்டிரோன் என்ற ஓமோனைத் தேவைக்கு மேல் சுரந்துகொண்டே இருக்கிறது. பிரஷர் உள்ளவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்கு இந்த நிலை இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மூன்று வகைக் குளிசை போட்டும் இறங்காதவர்களை மட்டும் எடுத்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். முதன்மை அல்டொஸ்டிரோன் மிகைப்பு என்பார்கள். கொன் சிண்ட்ரோம் என்ற பெயரும் உண்டு. இவர்களுக்குச் செய்யவேண்டிய சோதனை வேறு, கொடுக்கவேண்டிய மருந்து வேறு. சிலருக்கு ஒரு சத்திரசிகிச்சையோடு பிரஷர் குளிசையே தேவைப்படாமல் போகலாம். இவ்வளவு இருந்தும், இவர்களில் பெரும்பாலானோர் தங்களுக்கு இது இருப்பதே தெரியாமல் வருடக்கணக்காக வேறு குளிசைகளை விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படி ஒருவரின் கிளினிக் கொப்பி எப்படி இருக்கும் என்று பார்ப்போம். வயது 38. முதல் பக்கத்தில் 160/100. லொசார்ட்டன் 50 மி.கி. தொடங்குகிறார்கள். அது இரண்டு வேளையாகிறது. பிறகு அம்லோடிபின் 5, அப்புறம் 10. அதற்கும் இறங்கவில்லை என்றதும் சலம் போகச் செய்யும் ஹைட்ரோகுளோரோதயசைட் சேர்கிறது. அதைத் தொடங்கிய சில கிழமைகளில் இரவில் கெண்டைச் சதை பிடித்து இழுக்கிறது, படியேறினால் தொடை சோர்கிறது. இரத்தம் எடுத்துப் பார்த்தால் பொற்றாசியம் 2.9, இருக்க வேண்டியது 3.5க்கு மேல். பொற்றாசியம் மருந்து ஒரு கிழமைக்கு எழுதுகிறார்கள், வாழைப்பழமும் செவ்விளநீரும் எடுக்கச் சொல்கிறார்கள், சலக் குளிசையை நிற்பாட்டுகிறார்கள். அடுத்த முறை 3.6. சரி, அந்தப் பிரச்சினை முடிந்தது என்று பக்கம் புரள்கிறது. பிரஷர் 158/98. பக்கத்திலேயே ஒரு வரி: "மருந்தை ஒழுங்காகப் பாவிக்கவும், உப்பைக் குறைக்கவும்."

இது குறிப்பிட்ட எவருடைய கொப்பியும் இல்லை. ஆனால் இந்த வரிசையில் போகும் கொப்பிகள் உலகம் முழுக்க இருக்கின்றன. குளிசையை ஒழுங்காகப் போடாததால் பிரஷர் இறங்காமல் இருப்பவர்கள் நிறையப் பேர் என்பது உண்மை. வைத்தியர் அதை முதலில் கேட்பதில் பிழையில்லை. ஆனால் ஒரு வேளையும் தவறாமல் போட்டவரிடமும் ஒவ்வொரு மாதமும் அதையே சொன்னால், காலப்போக்கில் அவர் கிளினிக்குக்கே வராமல் விட்டுவிடுகிறார். கொப்பியில் எழுதியிருந்த அந்த 2.9 ஒரு துப்பு. சலக் குளிசை எல்லோருக்கும் பொற்றாசியத்தைக் கொஞ்சம் குறைக்கும்தான். இந்தளவுக்கு விழுந்தால், குளிசை வருவதற்கு முன்பே உடலுக்குள் ஏதோ அதை வெளியே தள்ளிக்கொண்டிருந்ததா என்று கேட்க வேண்டும்.

வெயிலுக்காக வந்த ஓமோன்

அல்டொஸ்டிரோனைக் கெட்டது என்று நினைத்துவிடக் கூடாது. அது இல்லாமல் எங்கள் ஊர் வெயிலில் ஒரு கிழமை தாங்க முடியாது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் சல்லியிலோ சாம்பல்தீவிலோ கரைவலை இழுப்பவரை நினைத்துப் பாருங்கள். உடலெல்லாம் வியர்வை ஓடுகிறது. வியர்வையோடு உப்பும் போகிறது. அப்படியே போய்க்கொண்டிருந்தால் இரத்தத்தின் அளவு குறைந்து மயங்கி விழுந்துவிடுவார். விழாமல் காப்பது அல்டொஸ்டிரோன். சிறுநீரகத்தில் மட்டுமல்ல, வியர்வைச் சுரப்பியிலும் அது வேலை செய்து, வெளியே போக இருந்த சோடியத்தைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. அதனால்தான் வெயிலுக்குப் பழகியவரின் வியர்வையில், புதிதாக வெயிலில் இறங்கியவரின் வியர்வையைவிட உப்புக் குறைவாக இருக்கும்.

இந்த நோயைக் கண்டுபிடித்தவர் நோயிடம் வந்து சேர்ந்ததும் வியர்வையின் வழியாகத்தான். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜெரோம் கொன், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒரு கேள்வியை எடுத்து வேலை செய்தார். குளிர்நாட்டிலிருந்து பசுபிக் தீவுகளின் புழுக்கத்துக்கு அனுப்பப்படும் படைவீரரின் உடல் அந்த வெக்கைக்கு எப்படிப் பழகுகிறது? திருகோணமலைத் துறைமுகத்தின் மேல் ஜப்பானிய விமானங்கள் 1942 ஏப்ரலில் குண்டு போட்டதே, அதே போர்தான். வெக்கையில் நாட்கள் போகப்போக வியர்வையில் உப்புக் குறைவதையும், அதற்கு அதிரினல் சுரப்பியின் ஏதோ ஓர் ஓமோன் காரணமாக இருக்க வேண்டும் என்பதையும் அவர் கண்டார். அந்த ஓமோன் எதுவென்று அப்போது யாருக்கும் தெரியாது. 1953இல்தான் லண்டனில் சில்வியா சிம்சனும் ஜேம்ஸ் டெய்ட்டும் சுவிஸ் விஞ்ஞானிகளோடு சேர்ந்து அல்டொஸ்டிரோனைப் பிரித்தெடுத்தார்கள்.

அடுத்த வருடமே கொன்னிடம் 34 வயதுப் பெண் ஒருவர் வந்தார். ஏழு வருடங்களாகத் தசைப் பிடிப்பு, இடையிடையே கால்கள் செயலற்றுப் போகும் பலவீனம், உயர்ந்த பிரஷர், மிகத் தாழ்ந்த பொற்றாசியம். கொன் அவருடைய வியர்வையைச் சோதித்தார். உப்பு மிகக் குறைவாக இருந்தது. வெயிலில் வேலை செய்யாத ஒருவருக்கு ஏன் இப்படி? உப்பைப் பிடித்துவைக்கும் ஓமோன் காரணமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவர் தீர்மானித்தார். 1954 டிசம்பரில் சத்திரசிகிச்சை நடந்தது. இரண்டு அதிரினல் சுரப்பிகளையும் எடுக்கவேண்டி வரலாம் என்ற எண்ணத்தில் திறந்தவர்கள், ஒன்றில் ஒரு கட்டி இருப்பதைக் கண்டு அதை மட்டும் எடுத்தார்கள். பெண்ணின் பொற்றாசியமும் பிரஷரும் சீராகின. 1955இல் கொன் இதை எழுதி வெளியிட்டார். அதிரினல் சுரப்பி செயலிழந்தால் உடல் என்னவாகும் என்று தோமஸ் அடிசன் எழுதியது 1855இல். சுரப்பி மிகையாக வேலை செய்தால் என்னவாகும் என்பதன் இந்தப் பக்கம் விளங்க இன்னும் நூறு வருடம் எடுத்திருக்கிறது.

ஒழுங்காக இருக்கும் உடலில் இது எப்படி நடக்கிறது? உப்போ இரத்தத்தின் அளவோ குறைந்ததும் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியத்தை இரத்தத்தில் விடுகிறது. ரெனின் ஈரலிலிருந்து வரும் ஒரு புரதத்தை வெட்ட, கடைசியில் அஞ்சியோடென்சின் என்ற பொருள் உருவாகிறது. அது அதிரினல் சுரப்பியின் வெளிப்படைக்குப் போய் அல்டொஸ்டிரோனைச் சுரக்கச் சொல்கிறது. அல்டொஸ்டிரோன் சிறுநீரகத்தின் நுண்குழாய்களின் கடைசிப் பகுதியில் சோடியத்தை உள்ளே எடுக்கிறது. சோடியத்தோடு தண்ணீரும் உள்ளே வருகிறது. பதிலுக்குப் பொற்றாசியம் சலத்தோடு வெளியே போகிறது. போதுமான அளவு உப்பும் நீரும் சேர்ந்ததும் ரெனின் இறங்கும், அதோடு அல்டொஸ்டிரோனும் இறங்கும். நோயில் இந்தக் கடைசிப் படி மட்டும் நடப்பதில்லை. வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்த பிறகும் கிணற்று மோட்டர் நிற்காமல் ஓடுவதுபோல, ரெனின் அடியோடு இறங்கிய பிறகும் அல்டொஸ்டிரோன் வந்துகொண்டே இருக்கிறது.

கொப்பியில் பார்த்த லொசார்ட்டன் ஏன் சரியாக வேலை செய்யவில்லை என்பதும் இங்கேதான் விளங்கும். அது அஞ்சியோடென்சினைத் தடுக்கும் குளிசை. இந்த நோயில் சுரப்பி அஞ்சியோடென்சினின் சொல்லைக் கேட்பதை விட்டு வெகுநாளாகிவிட்டது. கேட்காத கட்டளையைத் தடுத்து என்ன பயன்?

உப்பும் இதற்குள் வருகிறது. அமேசன் காட்டில் வாழும் யனோமாமி மக்கள் சமையலில் உப்புச் சேர்ப்பதில்லை. அவர்களைச் சோதித்தபோது ரெனினும் அல்டொஸ்டிரோனும் மிக உயர்வாக இருந்தன, ஆனால் பிரஷர் தாழ்வாகவே இருந்தது, வயது போனாலும் ஏறவில்லை. அதாவது அல்டொஸ்டிரோன் தனியே நின்று தீங்கு செய்வதில்லை. உப்பு நிறைய இருக்கும்போதும் அது உயர்ந்தே இருப்பதுதான் தீங்கு. உலக சுகாதார அமைப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு உள்ளே, உப்பு எடுக்கச் சொல்கிறது. நாங்கள் அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு எடுக்கிறோம். உப்பளமும் கருவாட்டு வாடியும் உள்ள மாவட்டம் இது. கருவாட்டுக் குழம்பு, மாசிச் சம்பல், ஊறுகாய் என்று கண்ணுக்குத் தெரியும் உப்போடு, பேக்கரிப் பாணில் தெரியாமல் வரும் உப்பும் சேர்கிறது. அல்டொஸ்டிரோன் மிகைப்பு உள்ளவருக்கு இந்த உப்பு மற்றவர்களைவிடப் பாரமாக விழும்.

பிரஷர் மட்டும்தான் பிரச்சினை என்றால், இன்னொரு குளிசையைக் கூட்டி எப்படியாவது இறக்கிவிடலாம் என்று விட்டுவிடலாம். ஆனால் மிகையான அல்டொஸ்டிரோன் இதயத் தசையையும் இரத்தக் குழாய்களையும் நேரடியாகவே தடிப்பாக்கி இறுகச் செய்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, சாதாரணப் பிரஷர் உள்ளவர்களோடு ஒப்பிட்டால் இவர்களுக்குப் பாரிசவாதம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு என்றும், இதயத் துடிப்பு ஒழுங்கு தவறி இரத்தக்கட்டி உண்டாகக்கூடிய ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும் வாய்ப்பு மூன்றரை மடங்கு என்றும் காட்டியது. நாற்பதைத் தாண்டாத ஒருவர் வாய் கோணி, ஒரு பக்கம் இழுத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரப்படும்போது எல்லோரும் டென்ஷன் என்கிறார்கள், சாராயம் என்கிறார்கள். இருக்கலாம். அவருடைய அதிரினல் சுரப்பியையும் ஒருமுறை கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

ஏன் தப்பிப்போகிறது

பழைய பாடப்புத்தகங்களில் இது மிக அரிதான நோய். 100 பேரில் ஒருவருக்குக்கூட வராது என்று படித்த தலைமுறை வைத்தியர்கள் இன்னும் சேவையில் இருக்கிறார்கள். பொற்றாசியம் தாழ்ந்தவர்களை மட்டும் சோதித்ததால் வந்த கணக்கு அது. உண்மையில் இந்த நோய் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பொற்றாசியம் சரியான அளவிலேயே இருக்கும். 1981இல் ஜப்பானில் ஹிரமட்சு குழுவினர், அல்டொஸ்டிரோனையும் ரெனினையும் ஒரே இரத்தத்தில் அளந்து, அல்டொஸ்டிரோனை ரெனினால் வகுத்துப் பார்க்கும் முறையைக் காட்டினார்கள். அந்த விகிதம் பரவலாகப் பாவனைக்கு வந்த பிறகுதான் நோயாளிகள் எவ்வளவு பேர் என்பது தெரியத் தொடங்கியது.

தெரிந்தும் சோதனை நடப்பதில்லை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில், பல குளிசைக்கும் அடங்காத பிரஷர் உள்ள ஏறக்குறைய 2 இலட்சத்து 70 ஆயிரம் பேரின் பதிவுகளைப் பார்த்தபோது, 100இல் 2 பேருக்குக்கூட இந்தச் சோதனை செய்யப்பட்டிருக்கவில்லை. வசதிக்குக் குறைவில்லாத இடத்திலேயே இந்த நிலை என்றால், ஒரு காலைப்பொழுதில் ஒரு வைத்தியர் எத்தனையோ பேரைப் பார்த்து முடிக்கவேண்டிய எங்கள் கிளினிக்குகளைக் குறை சொல்லி என்ன? ஆனால் நிலைமை மாறுகிறது. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டி, பிரஷர் உறுதியான எல்லா வயது வந்தவர்களுக்கும் இந்தச் சோதனையை யோசிக்கலாம் என்றது. ஓமோன் நோய் வல்லுநர்களின் சங்கமான அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி 2025இல் வெளியிட்ட வழிகாட்டியும் பிரஷர் உள்ள எல்லோருக்கும் செய்யலாம் என்றே பரிந்துரைக்கிறது.

எங்கள் ஆஸ்பத்திரிகளில் எல்லோருக்கும் செய்வது இப்போதைக்கு நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. அதனால் யாருக்கு முதலில் என்று நான் ஒரு வரிசை வைத்துச் சொல்வேன். சலக் குளிசை உட்பட மூன்று குளிசையை ஒழுங்காகப் போட்டும் 140/90க்குக் கீழே வராதவர். சலக் குளிசையாலோ அது இல்லாமலோ பொற்றாசியம் குறைந்தவர். நாற்பது வயதுக்குள் பிரஷர் வந்தவர், அல்லது பெற்றோர் சகோதரரில் எவருக்காவது நாற்பதுக்குள் பாரிசவாதம் வந்தவர். வயிற்றுவலிக்கோ கல்லுக்கோ ஸ்கான் எடுத்தபோது "அதிரினலில் சின்னக் கட்டி" என்று எழுதப்பட்டிருந்தும் அந்த ரிப்போர்ட்டை அலுமாரிக்குள் வைத்துவிட்டவர். பிரஷரோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவரும், தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவரும்கூட. இவர்களில் ஒருவராக நீங்கள் இருந்தால் அடுத்த கிளினிக்கில், "டொக்டர், எனக்கு அல்டொஸ்டிரோன், ரெனின் பார்க்க வேண்டி வருமா?" என்று கேளுங்கள். கேட்பதால் எந்த வைத்தியரும் குறைந்துவிடப் போவதில்லை.

இரத்தம் எடுக்கும் காலையில்

இந்தச் சோதனையில் கவனம் தேவை. சும்மா கையை நீட்டிக் கொடுத்துவிட்டு வரும் இரத்தம் இல்லை. முதலில் பொற்றாசியம் சரியாக்கப்பட்டிருக்க வேண்டும். அது தாழ்ந்திருந்தால் சுரப்பி சற்று அடங்கி நோயை மறைத்துவிடும். உப்பைக் குறைக்கச் சொன்னார்களே என்று சோதனைக்கு முந்திய நாட்களில் உப்பில்லாமல் சாப்பிட்டாலும் முடிவு குழம்பும். அந்த நாட்களுக்கு என்ன செய்வது என்பதை வைத்தியரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். காலையில் எழும்பி இரண்டு மணித்தியாலமாவது நடமாடிவிட்டு, ஐந்து முதல் பதினைந்து நிமிடம் இருந்த பிறகு இரத்தம் எடுப்பது வழக்கம். கையை இறுக்கிப் பொத்திப் பொத்தி விரிக்கச் சொல்லி எடுத்தால் பொற்றாசியம் பொய்யாக உயர்ந்து காட்டும்.

ரெனினை அளக்க எடுத்த இரத்தத்தை, மற்ற இரத்தங்களைப்போல ஐஸ் பெட்டியில் வைக்கக் கூடாது என்பது பலருக்குத் தெரியாத விடயம். குளிரில் செயலற்ற முன்ரெனின் செயலுள்ள ரெனினாக மாறிவிடும். ரெனின் உயர்ந்து காட்ட, விகிதம் தாழ்ந்து, நோயாளி "இல்லை" என்ற முடிவோடு வீட்டுக்குப் போவார். அறை வெப்பத்தில் வைத்து, பிளாஸ்மாவைப் பிரித்து, பிறகு உடனே உறையவைக்க வேண்டும். இரத்தம் இங்கே எடுக்கப்பட்டு 260 கிலோமீற்றர் தூரம் கொழும்புக்குப் போவதாக இருந்தால் இது எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். எடுக்கும் இடத்தில் இதைப்பற்றி இரண்டு கேள்வி கேட்பது உங்கள் உரிமை.

போடும் குளிசைகளும் முடிவை அசைக்கும். அடெனலோல் போன்றவை ரெனினை இறக்கி, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டலாம். லொசார்ட்டன், எனலப்ரில், சலக் குளிசைகள் ரெனினை ஏற்றி, இருக்கும் நோயை மறைக்கலாம். ஸ்பைரோனோலக்டோன் என்றால் பொதுவாக நாலு கிழமை நிற்பாட்டிவிட்டுத்தான் பார்ப்பார்கள். பிராசோசின், வெரபமில் போன்றவை பெரிதாகக் குழப்புவதில்லை. இதை வாசித்துவிட்டு யாரும் தாமாகக் குளிசையை நிற்பாட்டிவிடாதீர்கள். இப்போதைய போக்கு, போடும் குளிசையோடேயே முதல் சோதனையைச் செய்து முடிவை அதற்கேற்ப வாசிப்பதுதான். லொசார்ட்டன் போட்டுக்கொண்டிருக்கும்போதும் ரெனின் அடிமட்டத்தில் கிடக்கிறது என்றால், அதுவே பெரிய சந்தேகத்துக்கு இடம்.

விகிதம் உயர்ந்திருந்தால் சிலருக்கு இன்னொரு சோதனை வேண்டும். நாலு மணித்தியாலத்தில் இரண்டு லீற்றர் சேலைன் ஏற்றிப் பார்ப்பார்கள். இவ்வளவு உப்புநீர் வந்தும் அல்டொஸ்டிரோன் அடங்கவில்லை என்றால் நோய் உறுதி.

அதிமதுரம்

விகிதத்தைப் பற்றிப் பேசும்போது, எங்கள் வீடுகளில் இருக்கும் ஒரு பொருளைச் சொல்லாமல் விட முடியாது. இருமலுக்கும் தொண்டைக்கும் அதிமதுரம் அவித்துக் குடிப்பது பழைய வழக்கம். இரண்டு மூன்று நாள் குடிப்பதில் பொதுவாகப் பயமில்லை. ஆனால் கிழமைக்கணக்கில், மாதக்கணக்கில் நிறையக் குடித்தால், சுரப்பியில் எந்தக் கோளாறும் இல்லாமலே இதே நோயின் குணங்கள் வரும்: பிரஷர் ஏறும், பொற்றாசியம் விழும், கால் வீங்கும்.

காரணம் நுட்பமானது. உடலில் கோர்ட்டிசோல் என்ற இன்னொரு அதிரினல் ஓமோன், அல்டொஸ்டிரோனைவிடப் பல மடங்கு அதிக அளவில் ஓடிக்கொண்டிருக்கிறது. அல்டொஸ்டிரோன் போய்ச் சேரும் அதே ஏற்பியில், அதாவது கலத்தில் ஓமோன் பொருந்தும் இடத்தில், கோர்ட்டிசோலும் சேரக்கூடியது. அது சேராமல் இருப்பதற்காகச் சிறுநீரகக் கலங்களில் ஒரு நொதியம் கோர்ட்டிசோலை உடனுக்குடன் செயலிழக்கச் செய்கிறது. அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின் அந்த நொதியத்தைத் தடுத்துவிடுகிறது. இவர்களுக்கு ரெனினும் தாழ்வு, அல்டொஸ்டிரோனும் தாழ்வு. கொன் நோயிலிருந்து பிரித்தறிவது அதை வைத்துத்தான். பிரஷர் குளிசை போடுபவர்கள் அதிமதுரம் சேர்ந்த குடிநீரோ சூரணமோ தொடர்ந்து எடுத்தால், நாட்டு மருந்துதானே என்று விடாமல் கிளினிக்கில் சொல்லிவிடுங்கள்.

அதிரினலிலிருந்து பிரஷர் வர வேறு வழிகளும் உண்டு. திடீர் திடீரென்று தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, குப்பென்று வியர்வை, அந்த நேரத்தில் மட்டும் பிரஷர் எகிறுதல் என்றால் அதிரினலீன் போன்ற ஓமோன்களைக் கொட்டும் கட்டியைத் தேடுவார்கள். முகம் உருண்டு, வயிறு பருத்து, கைகால் மெலிந்து, வயிற்றில் ஊதா வரிகள் வந்தால் கோர்ட்டிசோல் மிகை. வைத்தியரைக் கேளாமல் நீண்டகாலம் ஸ்டீரொய்ட் குளிசை போட்டாலும் இதே தோற்றம் வரும். சுரப்பியிலிருந்தே வரும் இந்த இரண்டு நிலைகளும் அல்டொஸ்டிரோன் மிகைப்பைவிட மிக அரிதானவை.

ஒரு பக்கமா, இரண்டு பக்கமா

நோய் உறுதியான பிறகு எழும் கேள்வி இதுதான், சிகிச்சை முழுவதும் இதில்தான் தொங்குகிறது. ஒரு சுரப்பியில் மட்டும் சிறு கட்டி இருந்து அது சுரந்தால் அதை எடுத்துவிடலாம். இரண்டு சுரப்பியும் சேர்ந்து மிகையாகச் சுரந்தால் எடுக்க முடியாது, மருந்துதான்.

சி.ரி. ஸ்கான் எடுத்தால் தெரிந்துவிடுமே என்று நினைப்போம். பல வேளை அது ஏமாற்றும். வயது போகப்போக அதிரினலில் ஒன்றும் செய்யாத சிறு கட்டிகள் வருவது சாதாரணம். இடப்பக்கம் கட்டி தெரிய, உண்மையில் சுரப்பது வலப்பக்கத்தில் கண்ணுக்குப் படாத ஒரு சிறு இடமாக இருக்கலாம். அதனால் இரண்டு சுரப்பிகளிலிருந்தும் இரத்தம் வெளியேறும் நாளங்களுக்குள், தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, நேரடியாக இரத்தம் எடுத்து ஒப்பிடுவார்கள். இடப்பக்க நாளம் சிறுநீரக நாளத்தில் வந்து சேர்வதால் பிடிப்பது ஓரளவு இலகு. வலப்பக்க நாளம் மிகக் குட்டையானது, உடலின் பெருநாளத்துக்குள் நேரே திறப்பது. கை தேர்ந்த கதிர்ப்பட நிபுணர் வேண்டும். இலங்கையில் இதற்குப் பெரிய வைத்தியசாலைகளைத்தான் நம்ப வேண்டும். சத்திரசிகிச்சைக்கு விருப்பமில்லாதவருக்கும், உடல்நிலை இடம் கொடுக்காதவருக்கும் இந்தச் சோதனை தேவையே இல்லை. அதை நினைத்துப் பயந்து, முதல் இரத்தச் சோதனையையே வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது.

சிறு துளைகள் வழியாகச் சுரப்பியை எடுத்த பிறகு, 100இல் 94 பேருக்குப் பொற்றாசியமும் ஓமோனும் சீராகின என்று 2017இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று காட்டியது. குளிசையே இல்லாமல் பிரஷர் சரியானவர்கள் 37 சதவீதம். மிச்சப் பேரில் பெரும்பாலானோருக்குக் குளிசை குறைந்தது, அல்லது அதே குளிசைக்குப் பிரஷர் அடங்கத் தொடங்கியது. எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவுக்குப் பூரண சுகத்தின் வாய்ப்பு அதிகம். இருபது வருடம் இறுகிய இரத்தக் குழாய் ஒரே நாளில் இளகாது.

இரண்டு பக்கமும் என்றால் ஸ்பைரோனோலக்டோன். 1960 அளவில் பாவனைக்கு வந்த பழைய குளிசை, விலை குறைவு. இதயம் பலவீனமானவர்களுக்கும், ஈரல் வருத்தத்தால் வயிற்றில் நீர் சேர்ந்தவர்களுக்கும் கொடுப்பது இதையேதான். அல்டொஸ்டிரோன் போய்ச் சேரவேண்டிய ஏற்பியில் இது முதலே போய் இருந்துகொள்கிறது. 2015இல் பிரித்தானியாவில் நடந்த பாத்வே-2 ஆய்வில், மூன்று குளிசைக்கும் அடங்காத பிரஷருக்கு நாலாவதாகச் சேர்க்க, ஒப்பிட்ட மற்ற மருந்துகளைவிட இதுவே நன்றாக வேலை செய்தது. 12.5 அல்லது 25 மி.கி.யில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். முழுப் பலன் தெரிய சில கிழமை எடுக்கும். ஆண்களுக்கு மார்பு வீங்கி நோவெடுக்கலாம், பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கு தவறலாம். வெட்கத்தில் இதைச் சொல்லாமல் குளிசையை மட்டும் மெதுவாக விட்டுவிடுபவர்கள் உண்டு. சொன்னால் அளவைக் குறைக்கலாம், இதே வேலையைச் செய்யும் எப்ளெரினோன் என்ற குளிசைக்கு மாற்றலாம். பிள்ளை பெறும் உத்தேசமுள்ள பெண்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பிரஷர் இறங்கினால் மட்டும் போதாது என்பது அண்மைய வருடங்களில் தெளிவான விடயம். மருந்து போட்டும் ரெனின் அடங்கியே கிடப்பவர்களுக்கு இதய நோய்கள் அதிகமாக வருகின்றன. ரெனின் மேலே எழும்பியவர்களுக்கு அப்படியில்லை. ஏற்பி முழுதாக மறிக்கப்பட்டுவிட்டதா என்பதை ரெனின்தான் காட்டிக்கொடுக்கிறது. முடிந்தால் சில மாதத்துக்குப் பின் அதை ஒருமுறை அளக்கச் சொல்லிக் கேட்கலாம்.

குளிசை தொடங்கிய முதல் மாதத்துக்குள் பொற்றாசியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியட்டினினும் கட்டாயம் பார்க்க வேண்டும், பிறகும் இடைவெளி விட்டுத் தொடர வேண்டும். இதுவரை பொற்றாசியம் குறைவு என்று செவ்விளநீர் குடித்து வந்தவருக்கு இப்போது கணக்குத் தலைகீழாகிறது. சலத்தோடு பொற்றாசியம் போகும் வழியை ஸ்பைரோனோலக்டோன் அடைத்துவிடுகிறது. லொசார்ட்டனும் கூட இருந்தால், சீனி வருத்தத்தால் சிறுநீரகமும் களைத்திருந்தால், பொற்றாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறி இதயத் துடிப்பையே குழப்பக்கூடும். முன்பு எழுதித் தந்த பொற்றாசியம் மருந்து வீட்டில் மிச்சம் இருந்தால் அதைத் தொடரலாமா என்று கேட்க வேண்டும். கடைகளில் சோடியம் குறைந்த உப்பு என்று வரும் பைக்கற்றுகளில் சோடியத்துக்குப் பதிலாக இருப்பது பெரும்பாலும் பொற்றாசியம் குளோரைட்; இந்தக் குளிசை போடுபவர் அதைச் சமையலில் சேர்க்கக் கூடாது. மூட்டு நோவுக்குப் பார்மசியில் கேட்டு வாங்கும் டிக்ளோபெனக் போன்ற குளிசைகளும் இதே பக்கத்துக்குத்தான் தள்ளும். வயிற்றோட்டமோ வாந்தியோ வந்த நாளிலும், கச்சான் வெயிலில் நாள் முழுக்க வேலை செய்து சலம் போவது குறைந்த நாளிலும், வழக்கம்போலக் குளிசையை விழுங்காமல் முதலில் கிளினிக்குக்கோ குடும்ப வைத்தியருக்கோ ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள்.